சிலிண்டர் தலைகளுக்கான காற்றோட்டச் சோதனை மேடையைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளெரி எஞ்சினின் ஆற்றல், அஃது உட்கொள்ளும் காற்றின் அளவைப் பொறுத்தது. எரிபொருளை வேண்டிய அளவு செலுத்துதல் எளிது. காற்றைச் செலுத்துவதே கடினம். நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கே ஆகிறது. அதற்குள் வளைந்த ஒரு வழியைக் கடந்து, வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் இடையேயுள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியில் காற்று புகுந்தாக வேண்டும். இவ்வழியிலுள்ள தடையை எஞ்சினை ஓட்டாமலேயே அளந்தறிய உதவும் சாதனமே காற்றோட்டச் சோதனை மேடை. தொழிற்கூடங்களில் இதனை ஃப்ளோ பெஞ்சு என்பர்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி வெஸ்லேக் 1920-களிலேயே காற்றோட்டத்தை அளந்து சிலிண்டர் தலைகளைத் திருத்தும் முறையைக் கையாண்டார். 1935-இல் வெளிவந்த எஸ். எஸ். ஜாகுவார் காரின் எஞ்சினுக்கு மேல்வால்வுத் தலையை வடிவமைத்தவரும் அவரே. அந்நாளில் சில நிறுவனங்களிடம் மட்டுமே இருந்த இச்சாதனம், இன்று பாலிடெக்னிக்குகளும் பழுதுபார்க்கும் தொழிற்கூடங்களும் வாங்கக்கூடிய அளவுக்குப் பரவிவிட்டது. ஆயினும் விலைப்பட்டியலில் காணும் எண்களை மட்டும் நம்பி வாங்குவோர் பலர். அதன் விளைவு பணநஷ்டத்தோடு நிற்பதில்லை. பிழையான அளவை நம்பி மாணவனோ மெக்கானிக்கோ போர்ட்டைத் தேய்த்து விரிவாக்கினால், தேய்த்த உலோகத்தைத் திரும்ப வைக்க இயலாது. சில தலைகளில் போர்ட்டின் சுவருக்கு அப்பால் சில மில்லிமீட்டரிலேயே குளிர்நீர் ஓடும் அறை உள்ளது. கிரைண்டர் அதனைத் துளைத்துவிட்டால் தலை பழைய இரும்புக்கே உதவும்.

சாதனத்தின் அமைப்பு எளியது. தலையை ஒரு குழாயின்மீது பொருத்தி, வால்வைக் குறித்த அளவுக்குத் திறந்து வைத்து, மின்ஊதுகருவியால் காற்றை இழுக்கிறார்கள். வெளிக்காற்றுக்கும் குழாயின் உட்புறத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு மானோமீட்டரில் தெரியும். அதே காற்று, பின்னர் அளவறிந்த துளையுள்ள ஒரு தகட்டின் வழியே செல்கிறது. அத்தகட்டின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: விற்பனையாளர் கூறும் காற்றின் அளவு எந்த அழுத்த வேறுபாட்டில் பெறப்பட்டது? காற்றின் வேகம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப உயரும். 10 அங்குல நீரழுத்தத்தில், அதாவது 254 மில்லிமீட்டரில், வேகம் நொடிக்குச் சுமார் 64 மீட்டர். 28 அங்குலத்தில், அதாவது 711 மில்லிமீட்டரில், சுமார் 108 மீட்டர். ஒரே தலை இரண்டாவது நிலையில் 1.67 மடங்கு காற்றை விடும். அழுத்தம் குறிக்கப்படாத எண்ணுக்குப் பொருளே இல்லை. 28 அங்குலம் என்பது இயற்கை விதித்த எல்லையன்று. பலரும் கையாள்வதால் ஒப்பிடுவதற்கு வசதியானது, அவ்வளவே. ஆனால் குறைந்த வேகத்தில் போர்ட்டின் வளைவை ஒட்டியே செல்லும் காற்று, வேகம் உயரும்போது வளைவின் உட்புறச் சுவரைவிட்டு விலகக்கூடும். இக்குறை 10 அங்குல மேடையில் தென்படாமலே போகலாம்.

மற்றொரு தந்திரமும் உண்டு. ஊதுகருவியின் வாயை முழுவதும் அடைத்தால் அழுத்தம் மிகுதி, காற்று இல்லை. முழுவதும் திறந்தால் காற்று மிகுதி, அழுத்தம் இல்லை. சில விலைப்பட்டியல்கள் இவ்விரண்டு உச்சங்களையும் அருகருகே அச்சிட்டு, இரண்டும் ஒரே சமயத்தில் கிடைப்பது போன்ற எண்ணத்தை உண்டாக்குகின்றன.

தேவையான அளவை வாங்குபவரே கணக்கிடலாம். உட்கொள்ளும் வால்வின் தலைப்பரப்பை நொடிக்கு 108 மீட்டரால் பெருக்கி, அதில் பாதி முதல் அறுபது சதவீதம் வரை எடுத்துக்கொண்டால் 28 அங்குல அழுத்தத்திற்கு ஏறக்குறைய மதிப்புக் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் வால்வுள்ள சிறு மோட்டார் சைக்கிள் தலைக்கு நொடிக்குச் சுமார் 25 லிட்டர். 40 மில்லிமீட்டர் வால்வுக்கு 70 முதல் 80 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு உட்கொள்ளும் வால்வு இரண்டாயின், இரண்டின் பரப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சாதனங்களில் நிமிடத்திற்கு இத்தனை கன அடி என்றிருக்கும். ஒரு கன அடி, நொடிக்கு 0.472 லிட்டருக்குச் சமம்.

இதிலிருந்து மின்சாரத் தேவையும் புலப்படும். நொடிக்கு 80 லிட்டர் காற்றை 28 அங்குலத்தில் இழுக்கச் சுமார் 560 வாட் வேண்டும். அளவைத் தகடும் ஏறக்குறைய அதே அழுத்தத்தை விழுங்குமாயின் 1,120 வாட். ஊதுகருவியின் திறன் 40 சதவீதமெனின், மின்இணைப்பிலிருந்து கிட்டத்தட்ட 2.8 கிலோவாட் செல்லும். வீட்டுத் தூசி உறிஞ்சியின் மோட்டார் ஒன்றை மட்டும் வைத்துச் செய்த மேடை கார் தலைக்குப் போதாது. மோட்டார் சைக்கிள் தலைகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். பாடம் நடத்துவதற்கு இத்தகைய சிறு மேடை எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. மாணவர்களே செய்து பார்க்கத்தக்கது என்பது அதன் தனிச்சிறப்பு.

பெரும்பாலோர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. தகட்டின் அழுத்த வேறுபாடு காற்றளவின் வர்க்கத்திற்கேற்ப மாறுவதால், காற்று நான்கில் ஒரு பங்காகக் குறையும்போது மானோமீட்டர் பதினாறில் ஒரு பங்கே காட்டும். வால்வு சிறிதே திறந்திருக்கும் நிலையில்தான் சீட்டைச் சீராக வெட்டியதன் பயன் தெரியவேண்டும். அந்நிலையில்தான் அளவு படிக்க முடியாதபடி சுருங்கிவிடுகிறது. ஆதலால் வெவ்வேறு துளைகளை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மேடையையே வாங்குதல் வேண்டும். சாய்ந்த மானோமீட்டர் சிறு அளவுகளை விரித்துக் காட்டும். மின்னணு உணர்கருவிகள் வேகமாகப் படிக்கின்றன. ஆயினும் அவற்றை அவ்வப்போது நீர் மானோமீட்டருடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். கற்பிக்கும் இடத்தில், நீர் ஏறி இறங்குவதைக் கண்ணால் காணும் மாணவன் அழுத்தம் என்பதன் பொருளை விரைவில் உணர்வான்.

துணைப்பொருள்களின் விலையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். எஞ்சினின் சிலிண்டருக்குச் சமமான விட்டமுள்ள குழாய், வால்வைத் திறந்து நிறுத்தும் திருகு, அதற்குரிய டயல் கேஜ், மெல்லிய ஸ்பிரிங்குகள் ஆகியன இன்றியமையாதவை. போர்ட்டின் வாயில் களிமண்ணால் உருண்டையான விளிம்பு வைக்காவிடில், கூரிய விளிம்பில் தடைப்படும் காற்றின் குறை தலையின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும். வால்வு திறப்பை வெறும் மில்லிமீட்டரில் குறிப்பதைவிட, வால்வு விட்டத்தின் பங்காகக் குறித்தால் வெவ்வேறு தலைகளை ஒப்பிடலாம். விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு திறந்தவுடன், வால்வைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு வால்வின் தலைப்பரப்புக்குச் சமமாகிவிடும். 36 மில்லிமீட்டர் வால்வுக்கு அது 9 மில்லிமீட்டர்.

கழிவுவழியையும் சோதிக்க வேண்டுமாயின், காற்றை எதிர்த்திசையில் செலுத்தும் வசதி தேவை. அப்போது ஊதுகருவியால் சூடேறிய காற்று தகட்டுக்கு வருமாதலால், உஷ்ணநிலையை அளக்கும் ஏற்பாடு இருத்தல் நலம். டிராக்டர் முதலியவற்றின் நேர்முக எரிபொருள் செலுத்தும் டீசல் தலைகளுக்குக் காற்றின் அளவு மட்டும் போதாது. அது சிலிண்டருக்குள் சுழலும் வேகமும் முக்கியம். அதற்குச் சுழல்மானி பொருத்த இடமுண்டா என்று கேட்டறிய வேண்டும்.

மேடை காட்டும் எண் குதிரைத்திறன் அன்று. மேடையில் காற்று இடைவிடாமல் செல்கிறது. எஞ்சினிலோ விட்டுவிட்டு, துடிப்பாகச் செல்கிறது. போர்ட்டை அளவுக்குமேல் விரித்தால் மேடையில் அளவு கூடலாம், சாலையில் குறைந்த சுற்றுகளில் இழுவை குன்றலாம். இதனை மாணவர்களுக்கு முதல் நாளிலேயே கூறிவிட வேண்டும்.

மேடை வந்து சேர்ந்ததும், பணத்தின் கடைசித் தவணையைச் செலுத்துமுன், மூன்று சோதனைகள் அவசியம். வாயை முழுதும் மூடி மேடையை ஓட்டிக் கசிவு உண்டா என்று பார்த்தல் ஒன்று. ஒரே தலையை ஐந்துமுறை கழற்றிப் பொருத்தி, அளவுகள் ஒரு சதவீதத்திற்குள் ஒத்துவருகின்றனவா என்று காண்பது இரண்டாவது. இதனை மின்னழுத்தம் குறையும் மாலைநேரத்திலும் செய்தல் நன்று. மூன்றாவது, கூரிய விளிம்புள்ள 40 மில்லிமீட்டர் துளைத்தகட்டைத் தலையின் இடத்தில் வைத்தல். 28 அங்குலத்தில் நொடிக்குச் சுமார் 80 லிட்டர் வரவேண்டும். 10 அங்குலத்தில் சுமார் 48. துளையின் விளிம்பு சற்றே மழுங்கினாலும் காற்று கூடுதலாகச் செல்லும். ஆதலால் இத்தகட்டை மற்றக் கருவிகளுடன் இழுப்பறையில் போடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றித் தனிப்பெட்டியில் வைத்தல் வேண்டும்.