பத்திரத்தில் உள்ள ஒரு சொல்



போன மாதம் ஒரு தாய் தன் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு வந்தார். "ஐயா, இனம்ங்கிற இடத்துல இந்தியத் தமிழர்னு போட்டிருக்கு. எங்க தாத்தாவே இந்த லயத்துலதானே பொறந்தாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் இம்முறை அதையே பாடமாக எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளி. அங்கே என் பத்திரத்தில் 'இலங்கைத் தமிழர்'. என்னோடு படித்த முஸ்லிம் கூட்டாளியின் பத்திரத்தில் 'இலங்கைச் சோனகர்'. இரண்டு வீட்டிலும் பேசுவது ஒரே தமிழ். பிறகு இந்தப் பிரிவு எங்கேயிருந்து வந்தது?

1505இல் வந்த போர்த்துக்கீசர் எல்லாவற்றையும் மதத்தால் அளந்தார்கள். தங்கள் நாட்டில் முஸ்லிம்களை அழைத்த 'மோரோ' என்ற பெயரை இங்குள்ள முஸ்லிம்களுக்கும் வைத்தார்கள். 1626இல் அவர்களைத் தங்கள் பகுதிகளிலிருந்து விரட்ட, கண்டி மன்னன் செனரத் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றும் கோட்டை வாசலில் கோயில் கல்லைக் காணலாம்.

ஒல்லாந்தர் வாளை விடப் பேரேட்டை நம்பினவர்கள். தோம்பு என்ற அந்தப் பதிவேட்டில் கலியாணம் பதியவும், சொத்துரிமை காட்டவும், உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. சனங்களும் லேசுப்பட்டவர்களா? ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கு!

ஆங்கிலேயர் மதத்தை அவ்வளவாகக் கேட்கவில்லை, 'இனம்' கேட்டார்கள். 1871இல் தீவு முழுவதும் தலை எண்ணினார்கள். சட்டசபையில் ஆசனமும் இனக்கணக்கில்தான். 1885இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால்தான் முஸ்லிம்கள் என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். பார்வைக்கு இது வரலாற்றுச் சண்டை. உள்ளே இருந்தது ஆசனச் சண்டை என்பதே என் எண்ணம்.

இனி நம் கதை. 1911 கணக்கெடுப்பில் தமிழரை 'இலங்கை', 'இந்திய' என்று இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். அன்றைக்கு அது வெறும் எண்ணிக்கை. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு எந்தப் பத்திரம்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று, கொழுந்து நிறுக்கிற மாதிரிப் பங்கு போட்டார்கள். எஞ்சி நின்றவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம்.

இதையெல்லாம் சொன்னதும் அந்தத் தாய், "அப்ப எங்கள என்னன்னு சொல்றது ஐயா?" என்றார். மலையகத் தமிழர் என்று சொல்பவர்கள் இப்போது பலர் என்றேன். பிறகு இருவருமாகப் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் எல்லாவற்றிலும் எழுத்துப் பிழை உண்டா என்று பார்த்தோம். தகப்பன் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.