வீட்டு அறையில் திருப்புகழ் பதிவு: எதிரொலியை அடக்குவது எப்படி?

 

போன சஷ்டிக்கு அப்பா பாடின திருப்புகழைக் குழுவில் போட்டேன். "ஐயா குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது"ன்னு பதில் வந்தது. அப்பாவுக்கு 78 வயசு. மூச்சு நிக்கிற வரைக்கும் இருபது பாட்டாவது சுத்தமா எடுத்து வைக்கணும்னு எனக்கு ஆசை. மைக்கை மாத்தினேன், பிரயோஜனம் இல்லை. தப்பு அறையில இருந்தது.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. நடுவில் நின்னு ஒரு தடவை கை தட்டினா 'டிர்ர்'னு ஒரு வால் வரும். உங்க அறையிலும் தட்டிப் பாருங்க.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே பாடுதான். புதுசா கட்டின மண்டபத்தில் பேச்சே புரியலை. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், வேறொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு அளந்தார். அவர் கணக்கு இன்னைக்கும் உதவும்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்கணும்.

எங்க அறை 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 63 சதுர மீட்டர். அது நூத்துக்கு மூணு பங்குதான் உறிஞ்சும், அதாவது 1.9. வகுத்தா கிட்டத்தட்ட 2.9 நொடி! திருப்புகழ் சந்தத்தில் வல்லெழுத்து அடுக்கடுக்கா வரும். ஒரு எழுத்தோட வால் அடங்குறதுக்குள்ள பத்து எழுத்து போயிடும். கோவில் மண்டபத்தில் அந்த முழக்கம் அழகு. மைக்குக்கு அது சேறு.

இன்னொரு சிக்கல், அகலமும் உயரமும் ஒரே 10 அடி. அதனால 57 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 113-ம் ரெண்டு மடங்கா எழும்பும். அப்பா கீழ்க்குரலில் இறங்குற இடம் அதுதான். அங்கேதான் 'கும்'னு கேட்டது.

முட்டைத் தட்டும் தெர்மாகோலும் வேண்டாம், காசு வீண். 48 டென்சிட்டி ராக்வுல், 2 அங்குல கனம் வாங்குங்க. கையுறை, முகக்கவசம் போட்டுக்கிட்டு 4க்கு 2 அடி மரச்சட்டத்தில் அடைச்சு, பழைய பருத்தி வேட்டியால சுத்துங்க. வாயால ஊதினா துணிக்குள்ள காத்து போகணும், அதுதான் சோதனை. சுவரை ஒட்டி வைக்காம 2 அங்குலம் தள்ளி மாட்டினா இன்னும் கீழ்க்குரல் வரைக்கும் பிடிக்கும். பாடுறவர் முதுகுப் பக்கம்தான் முதல்ல. மைக் பார்க்கிற சுவர் அது. பிறகு ரெண்டு பக்கமும், தலைக்கு மேலயும். மூலைகளில் 4 அங்குல கனம் குறுக்கா நிறுத்தினா அந்தக் 'கும்' குறையும்.

ஆறு பலகைக்கே கணக்குப்படி 0.9 நொடிக்கு இறங்குது. பஞ்சு மெத்தையைச் சாய்ச்சு, ஜமக்காளம் விரிச்சா இன்னும் குறையும்.

ஆனா ஒண்ணு: ஒரகடம் ரோட்டு லாரிச் சத்தத்தை இந்தப் பலகை தடுக்காது. அதுக்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேணும். நாங்க விடியக்காலம் 4 மணிக்கு ஃபேனை நிறுத்திட்டு உட்காருறோம். ரயில் ஹாரன் வந்தா அந்த அடியை மறுபடி பாடுறார்.

முதல்ல வல்லக்கோட்டைத் திருப்புகழ். வர்ற கிருத்திகைக்குப் போடுறேன், கேட்டுட்டுச் சொல்லுங்க. முருகா சரணம்.