எள்ளுப் பூ இலையாக மாறுவதேன்?

நாயாற்றுக் கமக்காரர் கவனத்திற்கு: எள்ளுச் செடியில் பூக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்துக் காணப்படின், அது உரக்குறைவன்று, பூவிலை நோயாகும்.

பூவில் புல்லி, அல்லி, கேசரம், சூலகம் என நான்கு வட்டங்கள் உள. எவ்வுறுப்பு எங்கே உருவாகவேண்டும் என்பதை மூவகைப் பரம்பரையலகுகள் தனித்தும் சேர்ந்தும் நிர்ணயிக்கின்றன என்பதை 1991-இல் கோயனும் மெயரோவிற்சும் விளக்கினர். பைற்றோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் சுரக்கும் புரதம், அவ்வலகுகளின் கட்டளையை நிறைவேற்றும் புரதங்களை அழிக்கச் செய்கின்றது. கட்டளை அற்றதும் பூவுறுப்புகள் இலையாகின்றன, காய் பிடிப்பதில்லை.

நோயுற்ற செடி குணமடையாது. இலைத்தத்தி அதனிடமிருந்து நோயை அயற்செடிகளுக்குக் காவிச் செல்லும். ஆதலால், கண்டவுடன் வேரோடு பிடுங்கி எரித்துவிடுக. கத்தரியின் சிற்றிலை நோய்க்கும் இதுவே முறை.