டிசைன் ஃபைல் குழப்பம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புரோகிராம் கோடை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினாலும், வெர்ஷன்களைக் கவனிக்கும் கிட் (Git) வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்கப் பார்க்கும். சாலிட்வொர்க்ஸ் பார்ட் ஃபைல் பைனரி. அதில் இப்படிச் சேர்க்க முடியாது. ஒருவர் சேமித்ததன் மேல் இன்னொருவர் சேமித்தால், முதல்வரின் உழைப்பு போச்சு. போதாக்குறைக்கு, அசெம்ப்ளி தன் பார்ட்களைப் பெயரையும் ஃபோல்டரையும் வைத்தே தேடுகிறது. பலர் சூடுபட்டது இந்த இரண்டு இடங்களில்தான்.

செய்ய வேண்டியவை

• செக்-அவுட், செக்-இன் உள்ள பி.டி.எம். (டிசைன் ஃபைல்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வையுங்கள். ஒருவர் எடுத்த ஃபைலில் மற்றவர் கைவைக்க முடியாது. கிட்தான் வேண்டுமென்றால், பெரிய ஃபைல்களுக்கான அதன் எல்.எஃப்.எஸ். நீட்சியில் லாக் போடுங்கள்.

• வெளியே அனுப்பும்போது சாலிட்வொர்க்ஸின் பேக் அண்ட் கோ பயன்படுத்துங்கள். அசெம்ப்ளிக்கு வேண்டிய பார்ட்கள் சேர்ந்தே போகும்.

• ரிவிஷன் டேபிளில் என்ன மாறியது என்று எழுதுங்கள்: "துளை 8 மி.மீ. இருந்தது, இப்போது 8.5." லேசர் கட்டிங்குக்குப் போகும் டி.எக்ஸ்.எஃப்.பில் பெரும்பாலும் டைட்டில் பிளாக் இருக்காது. அதன் ஃபைல் பெயரிலேயே ரிவிஷன் எழுத்தைச் சேருங்கள்.

• கூட்டாளி எந்த வெர்ஷனில் வேலை செய்கிறார் என்று முதல் நாளே கேளுங்கள். ஏர்பஸ் ஏ380க்கு ஹாம்பர்க்கில் டிசைன் மென்பொருள் கேட்டியாவின் வி4, துலூஸில் வி5. ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கி.மீ. வயர். இரண்டு வெர்ஷனும் ஒத்துப்போகாததால், பொருத்தும்போது பல வயர்களுக்கு நீளம் போதவில்லை. 2006இல் டெலிவரி தள்ளிப்போனதற்கு இது முக்கியக் காரணம்.

செய்யக்கூடாதவை

• விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பார்ட்டின் பெயரை மாற்றாதீர்கள். அசெம்ப்ளியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பெயரில் வேறொரு பார்ட் திறந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இதுதான் இன்னும் ஆபத்து. சாலிட்வொர்க்ஸுக்கு உள்ளிருந்தோ பி.டி.எம்.மிலிருந்தோ மாற்றுங்கள்.

• "ஃபைனல்", "ஃபைனல்2" என்று பெயர் வைக்காதீர்கள். எது கடைசி என்று அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது.

• ஒன்டிரைவை பி.டி.எம். ஆக்காதீர்கள். இருவர் சேமித்தால் இரண்டு நகல் வரும், எது சரி என்று சொல்லாது.

• புராஜெக்ட் பாதியில் புது வெர்ஷனுக்குத் தாவாதீர்கள். புதியதில் சேமித்ததைப் பழையதில் வழக்கம்போல் எடிட் செய்ய முடியாது.

• ஸ்டெப் ஃபைலை பேக்கப் என்று நம்பாதீர்கள். உருவம் இருக்கும், ஃபீச்சர் ட்ரீ இருக்காது.

• பழைய பிரிண்டை வெண்டரிடம் விட்டுவைக்காதீர்கள். புது ரிவிஷன் அனுப்பிய கையோடு போன் போட்டுக் கிழிக்கச் சொல்லுங்கள். மெஷின் பக்கத்தில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் வெட்டுவார். உங்கள் மெயில் அவர் கண்ணில் படாது.