புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

பிளஸ் ஒன்னில் காலடி வைக்கும் தம்பி, தங்கைகளே,

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். "பத்துத் தடவை படிச்சேன் சார், பரீட்சை ஹால்ல உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோச்சு" என்று கண்கலங்கி நின்ற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்தேன். உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. எப்படிப் படிப்பது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொடக்க ஆண்டுகளில் நானும் சொல்லித் தரவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

1. கேள்வியோடு உள்ளே போங்கள்.
முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். தலைப்பு, உட்தலைப்பு, படம், புக் பேக் கேள்விகள் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் புரட்டிப் பாருங்கள். பிறகு உட்தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றுங்கள். இதயம் பற்றிய பாடமா? "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் வலதைவிடத் தடித்திருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது அதுதான் என்ற வரி வந்ததும் கண் தானாக நிற்கும். தேடிக் கண்டது மறக்காது.

2. முதல் வாசிப்பில் கோடு போடாதீர்கள்.
எது முக்கியம் என்று தெரியும் முன்பே ஹைலைட்டரை எடுத்தால் பக்கம் முழுதும் மஞ்சளாகும். ஒரு பகுதியை முடித்த பிறகு திரும்பி வந்து, அதன் உயிரான இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் பென்சிலால் கோடிடுங்கள்.

3. மூடுங்கள், சொல்லுங்கள், திறந்து சரிபாருங்கள்.
நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடி, படித்ததை உங்கள் சொற்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அல்லது வெற்றுத்தாளில் எழுதுங்கள். விட்டுப்போனது எது என்று திறந்து பாருங்கள். தடுமாறினால் கலங்காதீர்கள்; அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் மனத்தில் ஊன்றுகிறது. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள். பத்துத் தடவை படித்தும் மறந்துபோன பிள்ளைகளின் கதைக்கு விடை இதில் இருக்கிறது.

4. இடைவெளி விட்டுத் திரும்புங்கள்.
ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெல்லத் தணிகிறது என்று கண்டார். ஆகவே வகுப்பில் நடந்த பாடத்தை அன்றிரவே ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று மீண்டும் தொடுங்கள். கடைசி ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பது மேல்.

5. பாடத்துக்கு ஏற்ப முறையை மாற்றுங்கள்.
கணக்கைக் கண்ணால் படிக்க முடியாது. எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையைக் கையால் மறைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். வரலாற்றைக் காரணத்தோடு படியுங்கள். வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்த நாள் 1806 ஜூலை 10 என்பதை மட்டும் உருப்போட்டால் தேதி தங்காது. புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் விதித்த தடையும் வேலூர்ச் சிப்பாய்களின் மனத்தைப் புண்படுத்தியதை அறிந்தால் தேதியும் ஒட்டிக்கொள்ளும்.

6. ஆங்கிலப் புத்தகத்துக்கு அஞ்சாதீர்கள்.
தமிழ் வழியில் படித்து, நாளை கல்லூரிக்குப் போகப்போகிறவர்களுக்கு இது. முதலில் கருத்தைத் தமிழில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலப் பக்கத்துக்கு வாருங்கள். சொல்லுக்குச் சொல் அகராதியைத் திறக்காமல் பத்தி முழுவதையும் படியுங்கள். திரும்பத் திரும்ப வந்து வழிமறிக்கும் சொல்லுக்கு மட்டும் பொருள் பாருங்கள்.

7. தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.
உ.வே.சாமிநாதையர் கல்லூரி ஆசிரியராக இருந்தும், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய்ப் பாடம் கேட்டார். 1887-இல் அவர் அச்சிட்ட பதிப்பு அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெளிந்ததன் பயன்.

8. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.
பவணந்தி முனிவரின் நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் சொல்லக் கேட்டால் கல்வியில் கால் பங்கு. உடன் பயில்வோரோடு கலந்து பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே, பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குச் சொல்லித் தந்தால் உங்கள் நேரம் வீணாவதில்லை. உங்கள் படிப்பே அப்போதுதான் முழுமை பெறுகிறது.

எட்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்று வகுப்பில் நடந்த ஒரு பாடத்தை எடுங்கள். ஒருமுறை கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ ஐந்து நிமிடம் சொல்லுங்கள். இன்றிரவே செய்யுங்கள்.