சுக்கையும் சேனையையும் படம் பிடித்து அளப்போம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பண்டகசாலையில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். சுக்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால், பெண்கள் சுற்றி உட்கார்ந்து பருமன், மெலிவு, உடைசல் என்று பிரிப்பார்கள். அளவுகோல் கிடையாது, கண்ணும் கையும்தான். தரத்துக்குத் தரம் விலை வேறு. ஆகவே குவியல் மாறி விழுந்தால் விற்றவருக்கோ வாங்கியவருக்கோ நஷ்டம்.

இதை இப்போது கேமரா செய்கிறது என்றாள் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. "செல்போனே போதும் தாத்தா!" சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

கறுப்புத் துணி விரித்து ஒரு சுக்கை வைத்தோம். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம். அதன் குறுக்களவு 27 மி.மீ. படம் என்பது நுண்ணிய புள்ளிகளின் கூட்டம். படத்தில் நாணயம் 270 புள்ளி அகலம் என்றால் ஒரு புள்ளி 0.1 மி.மீ. சுக்கு 850 புள்ளி நீளம். அதாவது 85 மி.மீ. கறுப்பை விலக்கிவிட்டு மீதிப் புள்ளிகளை எண்ணினால் பரப்பு கிடைக்கும். எங்களுக்கு 2,40,000 புள்ளி, அதாவது 24 சதுர செ.மீ.

வடிவத்துக்கும் ஒரு எண் உண்டு. சுக்கைச் சுற்றி ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலுக்குள் அடங்கும் பரப்பு 32 என்றால், 24-ஐ 32-ஆல் வகுக்க 0.75. உருளைக்கிழங்குக்கு இது ஏறக்குறைய 1 வரும். விரல் விரலாகப் பிரிந்த இஞ்சிக்குக் குறையும்.

அடுத்து சேனை. இங்கேதான் மாட்டிக்கொண்டோம். டேப்பில் 20 செ.மீ. அகலம்; படத்தில் 25! பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்கில் பிழையில்லை. போன் மேஜைக்கு 40 செ.மீ. உயரத்தில் இருந்தது. சேனையின் உயரம் 16. அதன் அகன்ற இடுப்பு மேஜையிலிருந்து 8 செ.மீ. மேலே. நாணயம் 40 செ.மீ. தள்ளி, இடுப்பு 32 செ.மீ. தள்ளி. கிட்டே இருப்பது பெரிதாகத்தானே தெரியும்! 40-ஐ 32-ஆல் வகுத்தால் 1.25, அவ்வளவுதான் பிசகு. 8 செ.மீ. டப்பாவின் மேல் நாணயத்தை வைத்து எடுத்தோம். ஏறக்குறைய 20 வந்தது. மட்டமாக இருக்கும் சுக்கில் இந்தப் பிசகு தெரியவே தெரியாது.

பருமன் வேறு விஷயம். காரட்டை மெல்லிய வில்லைகளின் அடுக்காகக் கணக்கிட்டால் ஒரே படம் போதும், ஏனென்றால் எப்படித் திருப்பினாலும் அது உருண்டை. தட்டையான சுக்குக்கு அது பலிக்காது. அதனால்தான் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் சிலவற்றில் பொருள் உருளைகளின் மேல் புரண்டுகொண்டே போகிறது. கேமரா எல்லாப் பக்கமும் பார்க்கிறது. சிலவற்றில் லேசர் கோடு விழுத்தி, அதன் வளைவிலிருந்து உயரத்தை அறிகிறார்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி, சேனை முதலியவற்றை ஆராய்கிறது. புது ரகம் தேடுவோருக்குக் கிழங்கின் வடிவம் முக்கியம். மேடு பள்ளம் கூடினால் தோல் சீவும்போது வீணாவதும் கூடும். ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து மாளுமா?

ஆனால் பூச்சி உள்ளே அரித்த சுக்கைச் சாதாரணப் படம் காட்டாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். எங்கள் பண்டகசாலைப் பெண்கள் அதைக் கையில் எடுத்ததும், கனம் போதவில்லை என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள்.