நீக்கிப் பார்: நாட்பட்ட அழற்சியை ஆராய வரும் மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

முடக்குவாதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போகிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. எந்த மூலக்கூறைத் தலைப்பாக எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியைச் சில மாதங்கள் தள்ளிப்போடு, அம்மா. முதலில் வெளிநோயாளிப் பிரிவில் போய் உட்கார். காலையில் எழுந்தபின் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது என்று ஒவ்வொருவரையும் கேள். ஒருவருக்கு அரை மணி, இன்னொருவருக்கு மதியம்வரை. நோய்க்குறிப்பில் இருவருக்கும் ஒரே பெயர்தான். அந்த வேறுபாடு உன்னை உறுத்தத் தொடங்கிய பிறகு தலைப்பைத் தேடு.

1980களில் இந்நோயாளிகளின் மூட்டுகளில் சைட்டோகைன்கள் எனும் சமிக்ஞைப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்பட்டன. இத்தனை இருக்கும்போது ஒன்றைத் தடுத்து என்ன ஆகப்போகிறது என்று பலர் நினைத்தார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் தடுத்தே பார்த்தார்கள். நோயாளியின் மூட்டுச் சவ்வுச் செல்களை வளர்த்து, அந்தச் சைட்டோகைன்களில் ஒன்றான டிஎன்எஃபை மட்டும் ஆன்டிபாடியால் முடக்கினார்கள். இன்னொரு சைட்டோகைனான இன்டர்லூகின்-1 உற்பத்தியும் கூடவே சரிந்தது. ஃபியோனுலா பிரென்னன் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 1989இல் லான்செட்டில் வந்தது. 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 பேரிடம், டிஎன்எஃபைத் தடுக்கும், பின்னாளில் இன்ஃப்ளிக்சிமாப் என்று பெயர்பெற்ற மருந்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். வீக்கமும் வலியும் தணிந்தன. ஒரு பொருள் நோயிடத்தில் இருப்பது வேறு, அதுவே நோயை நடத்துவது வேறு. நீக்கிப் பார்க்காமல் இது தெரியாது.

இதையே எல்லா அழற்சிக்கும் சூத்திரமாக்கிவிடாதே. டிஎன்எஃபைத் தடுக்கும் லெனெர்செப்ட், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு நோயின் தாக்குதல்களைக் கூட்டியது. இன்டர்லூகின்-17ஐத் தடுத்துச் சொரியாசிஸில் நன்றாக வேலைசெய்யும் செக்யூகினுமாப், க்ரோன் நோயில் பலிக்காததோடு பக்கவிளைவுகளையும் அதிகமாக்கியது. இன்டர்லூகின்-17 குடற்சுவரைக் காக்கவும் செய்கிறது. 2001இல் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தி வெளியானது. உறங்கும் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பிய அரண் குலையாமல் நிற்க டிஎன்எஃப் தேவை. காசநோய் இன்னும் ஓயாத நம் நாட்டில் இதை அறியாத அழற்சி ஆய்வாளர் இருக்கவே கூடாது. இந்தத் தோல்விகளை முதலாண்டுப் பாடமாகவே வைக்க வேண்டும் என்பேன்.

எலியைப் பயன்படுத்து, தவறில்லை. ஆனால் கொலாஜன் ஊசியால் சில வாரங்களில் வீங்கும் எலியின் பாதம், இருபது ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவரின் முழங்கால் ஆகாது. எலிகளில் இன்டர்லூகின்-1 தடுப்பு பிரமாதமாகப் பலித்தது. மனிதரின் முடக்குவாதத்தில் பலன் சுமார்தான்.

மனிதத் திசுவிலும் ஏமாறலாம். மூட்டு மாற்று அறுவையில் கிடைப்பது பெரும்பாலும் நோயின் கடைசிக் கட்டம். எரிந்து முடிந்த வீட்டில் தீ எங்கே பிடித்தது என்று தேடுவது போன்றது. நோய் தொடங்கிய மாதங்களில் எடுத்த சிறு ஊசித் திசு, அளவில் கடுகாக இருந்தாலும், அதைவிட மேலானது. அதைத் தர நோயாளி சம்மதிக்க வேண்டுமென்றால் அவரோடு நீ பேசிப் பழகியிருக்க வேண்டும்.

திசு எடுக்கும் நாளில் நீயே நேரில் போ. எடுத்த நேரத்தையும் ஆய்வகம் வந்த நேரத்தையும் குறி. அவர் எடுத்துவரும் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்தார் என்று உன் பதிவேட்டில் எழுது. இவை தெரியாத மாதிரியிலிருந்து எவ்வளவு அழகான வரைபடம் வந்தாலும், வழிகாட்டியே பாராட்டினாலும், ஆய்வேட்டில் சேர்க்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியை